மறைந்து கேட்ட வானொலி

ஈப்போ நகருக்குத் தென்மேற்கே, ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், பப்பான் என்னும் சிற்றூர் உள்ளது. ஈயத் தொழில் செழித்திருந்த காலத்தில் பெயர் பெற்று விளங்கிய அவ்வூரின் தலைமைத் தெரு இன்று பெரும்பாலும் ஆளரவமின்றிக் கிடக்கிறது. கூரை இழந்த கடைவீடுகளின் சுவர்களில் மரங்கள் வேரோடி நிற்கின்றன. அத்தெருவின் 74ஆம் எண் வீட்டில், ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942, 1943 ஆகிய ஆண்டுகளில், ஒரு குடும்பத்தார் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்திருந்தனர். இலண்டனிலிருந்து ஆங்கிலத்தில் வந்த செய்திகளை அவர்கள் யாரும் அறியாமல் கேட்டு வந்தனர். பின்னாளில் அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் அவ்வாறு கேட்டதும் ஒன்று.

கேள்வி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. செவியால் கேட்டலும் கேள்வியே. ஐயுற்று வினாவுதலும் கேள்வியே. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், நன்கு கேட்பவனே நன்கு வினவுவான் என்று கருதினர் போலும். ஆட்சியாளர் பலர் அஞ்சுவதும் இதனையே. பேராக் மண்ணில் வானொலி வளர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு, யார் பேசினர் என்பதினும், யார் கேட்டனர், என்ன விலை கொடுத்துக் கேட்டனர் என்பவையே பெரிய செய்திகளாகத் தோன்றும்.

துரைமார் கேட்ட வானொலி

மலாயாவுக்கு வானொலி முதலில் ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்காகவே வந்தது. ஜொகூர் அரசில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்பவர் 1921ஆம் ஆண்டில் முதல் வானொலிப் பெட்டியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். பேராக்கின் முதல் ரெசிடெண்டாக இருந்து 1875இல் கொல்லப்பட்ட பர்ச் வேறு, இவர் வேறு. ஜொகூரில் இவர் தொடங்கிய வானொலிச் சங்கத்தைப் போலவே பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் தோன்றின. 1930 அளவில் சிங்கப்பூரிலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை சிற்றலையில் ஒலிபரப்பு நடந்தது. கோலாலம்பூரில் பெட்டாலிங் குன்றிலிருந்தும் ஆர்வலர்கள் ஒலிபரப்பினர்.

இலண்டனில் இருந்த பி.பி.சி. நிறுவனம் 1932 டிசம்பர் 19ஆம் நாள் தன் பேரரசு ஒலிபரப்பைத் தொடங்கியது. தாய்நாட்டை விட்டுத் தொலைவில், காட்டிலும் பாலைவனத்திலும் தனித்து வாழ்ந்த ஆங்கிலேயர்க்கு அவர்தம் நாட்டின் குரலைக் கேட்பிப்பதே அதன் நோக்கம். அன்று ஒலிபரப்பான மொழி ஆங்கிலம் ஒன்றே. பிறமொழி ஒலிபரப்பு 1938ஆம் ஆண்டில்தான் அரபு மொழியில் தொடங்கியது. சிற்றலையின் இயல்பே இம்முயற்சிக்குத் துணை நின்றது. நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை சில நூறு மைல்களில் தேய்ந்துவிடும். சிற்றலையோ வானில் ஏறி, உயரத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பிப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இறங்கும். கடலும் மலையும் எல்லைக்காவலும் அதனைத் தடுக்க மாட்டா. இவ்வியல்பு பின்னாளில் பப்பான் வீட்டுக்கு எவ்வாறு துணையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1937ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தைச் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தார். ஆசிய மக்கள் நிறைந்த அந்நகரில் எழுந்த அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளில் ஆங்கிலமே தலைமை பெற்றிருந்தது. நிலையம் நின்ற மண் ஆசிய மண். அதில் ஒலித்த மனம் இலண்டன் மனம். அயல்நாட்டு நகர் ஒன்றில் இயங்கும் ஆங்கில வானொலி எத்தகையது என்பதற்கு அஃது ஒரு நல்ல சான்று.

அக்காலத்துப் பேராக்கில் தமிழர் நிலை யாது? 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து விரிந்த தொழில், சுங்கை சிப்புட் முதல் பாகான் டத்தோ வரை தோட்டங்களை எழுப்பியிருந்தது. பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் லயங்களில் வாழ்ந்தனர். 1930களின் பிற்பகுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. வானொலிப் பெட்டியும் அதற்கான உரிமக் கட்டணமும் அவனுக்கு எட்டாத பொருள்கள். உலகச் செய்தி அவனுக்கு வந்த வழி வேறு. 1924இல் தோன்றிய தமிழ் நேசன், 1935இல் தோன்றிய தமிழ் முரசு போன்ற தாள்களை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பர். குன்றின்மேல் இருந்த துரை வீட்டு வானொலியின் ஓசை ஒருவேளை காற்றுவாக்கில் லயத்துக்கு எட்டியிருக்கலாம். அதன் பொருள் எட்டவில்லை. தம்மையும் கேட்போருள் எண்ணிப் பேசிய குரல் அன்று என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

சொல் பொய்த்த நாள்

இவ்வுண்மை 1941 டிசம்பரில் எல்லார்க்கும் வெளிப்பட்டது. அம்மாதம் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 11ஆம் நாள் பினாங்கின்மேல் குண்டுகள் விழுந்தன. சில நாட்களுள் ஆங்கில அதிகாரிகள் பினாங்கில் இருந்த ஐரோப்பியரை இரவோடு இரவாகக் கப்பலேற்றினர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் எரியும் நகரில் விடப்பட்டனர். அதன்பின் ஆங்கில அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசினார். பினாங்கின் குடிமக்களுள் மிகப் பலர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்னும் பொருள்பட அவர் கூறியது கேட்டு ஆசிய மக்கள் உள்ளங் கொதித்தனர். அவர் வாயில் குடிமக்கள் என்ற சொல் ஐரோப்பியரை மட்டுமே குறித்தது! ஒரு சொல்லின் பொருளைச் சுருக்கியதால் ஓர் அரசு தன் மதிப்பையே சுருக்கிக்கொண்டது.

பினாங்கிலிருந்து ஓடியவர்கள் அங்கிருந்த வானொலி நிலையத்தை முற்றும் அழிக்காமல் சென்றனர். விரைவிலேயே அந்நிலையத்தின் வழியாக ஜப்பானியர் சிங்கப்பூர் மக்களை நோக்கிப் பேசலாயினர். நேற்றுவரை ஆங்கிலேயர் குரலாக இருந்த கருவி இன்று அவர்தம் பகைவர் குரலாயிற்று. கருவிக்குப் பற்றில்லை, கைப்பற்றியவர் சொல்வதை அது சொல்லும் என்னும் உண்மையை மலாயா மக்கள் அன்று நேரிற் கண்டனர்.

டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தது. 1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தன. அதே நாளில் பிரதமர் சர்ச்சில் சிங்கப்பூர் வீழ்ந்ததை வானொலியில் தம் வாயாலேயே உலகுக்கு அறிவித்தார். தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளும் குரலை மக்கள் எளிதில் மறப்பதில்லை. டஃப் கூப்பரின் உரையால் மதிப்பிழந்த ஆங்கில வானொலியை, அடுத்த மூன்றரை ஆண்டுகளில் மலாயாவில் சிலர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்க முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தடுக்கப்பட்ட கேள்வி

ஜப்பானியர் முதலில் மாற்றியவற்றுள் காலமும் ஒன்று. கடிகார முட்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. மலாயா தோக்கியோ நேரப்படி எழுந்து தோக்கியோ நேரப்படி உறங்கியது. சிங்கப்பூர் சியோனான் ஆயிற்று. பினாங்கு, கோலாலம்பூர், சிரம்பான், மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலிருந்த நிலையங்கள் புதிய ஆட்சியின் புகழைப் பாடின.

அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கடுங்குற்றம் என அறிவிக்கப்பட்டது. வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்தல் வேண்டும். சிற்றலை வாங்கும் பகுதியை நீக்கிவிடல் வேண்டும். உள்நாட்டு நிலையத்தை மட்டும் கேட்கும் செவிடாகப் பெட்டி மாற்றப்பட்டது. கெம்பித்தாய் என்னும் இராணுவக் காவற்படை ஒற்றர்களைக் கொண்டு வீடுகளைக் கண்காணித்தது. 1943 அக்டோபர் 10ஆம் நாள் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் நடந்த பெருஞ்சோதனையின்போது, மறைத்து வைத்த வானொலிப் பெட்டிகள் சிக்கின. அவற்றை இயக்கியோர் என ஐயுறப்பட்டவர் பலர் கொடுமைப்படுத்தப்பட்டனர், சிலர் மாண்டனர். சிறையிலிருந்தோர்க்குப் பணமும் வானொலி உறுப்புகளும் எட்ட உதவிய எலிசபெத் சோய் என்னும் ஆசிரியையும் அவர்தம் கணவரும் சிறைப்பட்டு வதையுண்டனர்.

ஓர் ஆட்சி பீரங்கிக்கு அஞ்சுவது இயல்பு. ஒரு பெட்டிக்கு இவ்வளவு அஞ்சியது ஏன்? பீரங்கி உடலை வெல்லும். செய்தியோ, தாம் என்றைக்கும் தோற்றவர் அல்லர் என்னும் நம்பிக்கையை அடிமைப்பட்டவர்க்குத் தரும். 1942 சூனில் மிட்வே கடற்போரில் ஜப்பானியக் கப்பல்கள் மூழ்கின. அவ்வாண்டு நவம்பரில் எல் அலமைனில் செர்மானியப் படை பின்வாங்கியது. 1943 பிப்ரவரியில் சுடாலின்கிராடில் அது சரணடைந்தது. இவற்றை அறிந்தவன் தோக்கியோ நேரம் என்றும் நிலைக்காது என்று கணக்கிடத் தொடங்குவான். கேட்டவன் வினவுவான் என்பதையே கெம்பித்தாய் அஞ்சியது.

பப்பான் வீடு

பப்பான் வீட்டில் செய்தி கேட்ட குடும்பத்தின் தலைவி சிபில் கார்த்திகேசு. 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரிற் பிறந்த யூரேசியப் பெண்மணி அவர். செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர்; கான்டனிய மொழியைச் சரளமாகப் பேசுபவர். தைப்பிங்கில் பிறந்த தமிழரான மருத்துவர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளையை 1919ஆம் ஆண்டில் மணந்தார். கணவர் கத்தோலிக்க சமயம் தழுவி ஆப்டன் கிளமென்ட் கார்த்திகேசு எனப் பெயர் பெற்றார். ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் இருவரும் மருத்துவ விடுதி நடத்தி வந்தனர். அச்சாலை இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படுகிறது.

1941 டிசம்பரில் ஈப்போவின்மேல் குண்டு விழுந்தபோது குடும்பம் பப்பானுக்குப் பெயர்ந்தது. அங்கும் சிபில் நோயாளிகளைப் பார்த்தார். சீனச் சுரங்கத் தொழிலாளரும் உழவரும் அவரை நாடி வந்தனர். அடுத்திருந்த மலைக்காட்டில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயமுற்றபோது, இரவில் மறைவாக வந்து அவரிடம் மருத்துவம் பெற்றனர். அவர்கள் பெற்றுச் சென்றது மருந்து மட்டும் அன்று. மறைத்து வைத்த பெட்டியின் வழியே அக்குடும்பத்தார் கேட்டறிந்த பி.பி.சி. செய்திகளும் காட்டுக்குச் சென்றன.

அச்செய்திகளின் அருமையை அறிய, காட்டிலிருந்தோர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1943 மே மாதத்தில் ஆங்கிலேயரின் 136ஆம் படையைச் சேர்ந்த ஜான் டேவிஸ் தலைமையில் ஒரு சிறு குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கியது. அவ்வியக்கத்தின் வானொலிக் கருவிகள் சுமக்கத் தகாத எடையுடையவை. அவற்றை உடன்கொண்டு மலையேற இயலாமையால், இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு அவர்கள் தொடர்பு கொள்ளவே 1945ஆம் ஆண்டின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. பயிற்சி பெற்ற படையினர்க்கே இந்நிலை எனின், பப்பானில் ஒரு மருத்துவச்சி வீட்டிலிருந்து வந்த செய்தி எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

1943ஆம் ஆண்டில் முதலில் கணவரும், பின்னர்ச் சிபிலும் கெம்பித்தாயிடம் சிக்கினர். வளர்ப்பு மகனும் தப்பவில்லை. சிபில்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் மூன்று: பகைவர்க்கு ஒற்று வேலை பார்த்தமை, காட்டுப் படையினர்க்கு மருத்துவம் செய்தமை, வானொலிப் பெட்டி வைத்திருந்து, பகைவர் ஒலிபரப்பைக் கேட்டுப் பிறர்க்குப் பரப்பியமை. உயிர் காத்தலும் செய்தி கேட்டலும் ஒரே குற்றப் பட்டியலில் அடுத்தடுத்து இடம் பெற்றன.

யோசிமுரா என்னும் கெம்பித்தாய் அதிகாரி அவரை வதைத்தான். காட்டிலிருந்தோர் பெயர்களைச் சொல்லுமாறு கேட்டு நீரூற்றியும் அடித்தும் துன்புறுத்தியும் பயனில்லாமற்போக, ஏழு வயதளவே ஆன இளைய மகளை மரத்திற் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டுவதாக அச்சுறுத்தினான். அந்நிலையிலும் தாய் பெயர் எதனையும் உரைக்கவில்லை. ஜப்பானிய மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் குழந்தை பிழைத்தது. கேட்பதற்காக எல்லா இடரையும் ஏற்ற அப்பெண், பேச வேண்டிய இடத்தில் வாய் மூடி நின்றார். காத்தற்குரிய சொல்லைக் காத்தலும் கேள்வியுடையார் கடனே என்பதற்கு அவர் சான்றானார்.

சிபிலுக்கு வாழ்நாள் சிறையும் கணவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. பத்து காஜாச் சிறையில் அவர் கிடந்தார். 136ஆம் படையைச் சேர்ந்த லிம் போ செங் 1944 சூனில் உயிர் துறந்ததும் அச்சிறையிலேதான். 1945இல் போர் முடிந்து விடுதலை வந்தபோது சிபிலால் நடக்கவும் இயலவில்லை. மருத்துவத்துக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். வீரத்திற்குரிய சார்ச்சு பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. நோயினூடே தம் வரலாற்றை எழுதினார். 1948 சூன் 12ஆம் நாள் உயிர் நீத்தார். சுகாட்லாந்தில் அடக்கஞ் செய்யப்பட்ட உடல் 1949ஆம் ஆண்டில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புரூஸ்டர் சாலையில் கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் பெற்றது. அவர் எழுதிய நூல் 1954இல் இலண்டனில் வெளிவந்தது.

வானில் வந்த மற்றொரு குரல்

பப்பான் வீட்டை மட்டும் கண்டு, அக்காலத் தமிழர் அனைவரும் இலண்டன் குரலையே நம்பினர் என்று எழுதுவது வரலாறு ஆகாது. அதே வானில் மற்றொரு குரலும் வந்தது. நேதாசி சுபாசு சந்திர போசு செர்மனியில் இருந்தபோது 1942இல் தொடங்கிய ஆசாத் இந்து வானொலி, இந்திய மொழிகள் பலவற்றோடு தமிழிலும் பேசியது. 1943 சூலை 2ஆம் நாள் அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21ஆம் நாள் கத்தே அரங்கில் தற்காலிக விடுதலை அரசை அறிவித்தார். இந்திய விடுதலைச் சங்கக் கிளைகள் பேராக்கிலும் இயங்கின. தோட்டத் தொழிலாளர் பலர், கங்காணிக்கும் துரைக்கும் பணிந்த தோள்களில் துப்பாக்கி ஏந்திப் படையிற் சேர்ந்தனர். நேற்றுவரை கூலி என்று விளிக்கப்பட்டவரைத் தோழர் என்றும் வீரர் என்றும் அழைத்த குரல் அது. அவர்கள் அதற்குச் செவி சாய்த்ததில் வியப்பில்லை.

சிபில் கேட்ட குரலும் தோட்டத்தார் கேட்ட குரலும் ஒன்றையொன்று பகைத்தன. ஆயினும் இரண்டையும் கேட்டோர் தேடியது ஒன்றே: தம்மை மனிதராக மதித்து, வருங்காலம் ஒன்று உண்டு என்று சொல்லும் சொல். இவருள் ஒருவரைப் போற்ற மற்றவரை இகழ வேண்டுவதில்லை.

ஆனால் இவ்விரு குரல்களுக்கும் அப்பால், மூன்றாவதாக ஓர் அமைதியும் இருந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லப்பட்டது. பேதியும் காய்ச்சலும் பசியும் அடியுமாகப் பல்லாயிரவர் அங்கேயே மடிந்தனர். ஆட்சியாளரின் வானொலி அதனைச் சொல்லவில்லை. லயத்தில் காத்திருந்த மனைவிக்கும் தாய்க்கும் கணவனும் மகனும் எங்கே என்று கேட்க ஓர் இடமும் இல்லை. திரும்பி வந்த சிலர் வாய்மொழியாகச் சொன்னதே அவர்களுக்குக் கிடைத்த செய்தி.

லயத்துக்கு வந்த வானொலி

போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி அரசுத் துறையாக அமைந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்னும் மொழிகளில் அது பேசியது. பி.பி.சி.யும் இதற்கு முன்பே, 1941 மே 3ஆம் நாள், இலண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பின்னாளில் தமிழோசை என்று உலகத் தமிழர் அறிந்தது அதுவே. துரைமாரின் தனிமைக்கு மருந்தாகப் பிறந்த வானொலி, போரின் நெருக்கடியால் அவர்தம் ஆட்சிக்கு உட்பட்டோர் மொழியைக் கற்றுக்கொண்டது. அன்பால் கற்றது என்று சொல்வதற்கில்லை, தேவையால் கற்றது.

தேவை மீண்டும் வந்தது. சிபில் இறந்த நான்காம் நாள், 1948 சூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவர் தம் உடலை வதைக்கக் கொடுத்துக் காத்த காட்டுப் படையினர் பலர், அவருக்குப் பதக்கம் அளித்த அரசின் பகைவராயினர். வரலாறு சில வேளைகளில் இவ்வாறுதான் தன் ஏட்டைப் புரட்டுகிறது.

1960 சூலை 31 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசு செய்தியை ஓர் ஆயுதமாகக் கொண்டது. வானூர்திகள் துண்டறிக்கைகளைக் காட்டின்மேல் தூவின. ஒலிபெருக்கி பூட்டிய வானூர்திகள் சரணடையுமாறு அழைத்தன. புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கெனப் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத இடங்களில் அவை மின்கலத்தால் இயங்கின. ஜப்பானியர் காலத்தில் கேட்டவனைச் சிறையிலிட்ட கருவி, இப்போது கேட்குமாறு மக்கள் நடுவே வைக்கப்பட்டது. கேட்கத் தடுப்பதும் ஆட்சியின் வேலை. கேட்கச் செய்வதும் ஆட்சியின் வேலை. இரண்டிலும் நோக்கம் கேட்போன் மனமே.

எனினும் வைத்தவர் நோக்கம் ஒன்றாக, கேட்டவர் கொண்டது வேறொன்றாயிற்று. அரசின் அறிவிப்புக்காக வைத்த பெட்டியில் தோட்டத்தார் தம் மொழியைக் கேட்டனர். செய்தியும் பாட்டும் நாடகமும் பேச்சும் தமிழில் வந்தன. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை முழக்கம் வானொலி வழியே நாடெங்கும் பரவியது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா அமைந்தபின் மலாயா வானொலி மலேசிய வானொலி ஆயிற்று. 1950களின் நடுவில் உலகச் சந்தைக்கு வந்த டிரான்சிஸ்டர்ப் பெட்டி விலை மலிந்து லயத்து வீடுகளிலும் நுழைந்தது. சிவப்பு அலைவரிசை என வழங்கிய தமிழ்ப் பகுதி, எழுத்தாளர்க்கும் கலைஞர்க்கும் பயிற்சிக் களமாக விளங்கியது. இந்நாட்டு எழுத்தாளர் பலரின் எழுத்து, அச்சில் வருமுன் காற்றில் வந்ததுண்டு. ஊர்தோறும் வட்டார வழக்குடன் பேசிய மக்களுக்குப் பொதுவான நல்ல தமிழ் ஒன்று உண்டு என்பதை நாள்தோறும் காதில் இட்டது அவ்வானொலி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு அது சம்பளம் பெறாத துணையாசிரியர் எனலாம். 2005ஆம் ஆண்டு முதல் அந்நிலையம் மின்னல் எஃப்.எம். என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

எழுத்தில் ஏறாத கேள்வி

விடுதலைக்குப் பின் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் காலப்போக்கில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஒரு பெட்டியைச் சூழ்ந்து ஊரே அமர்ந்து கேட்ட மாலைப் பொழுதுகளும் அவற்றோடு சென்றன. இன்று ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிக் கருவி, கேட்பது ஏராளம், கூடிக் கேட்பது அரிது.

பப்பான் வீட்டின் வரலாற்றை நாம் எவ்வாறு அறிவோம்? சிபில் எழுதி வைத்ததால் அறிவோம். அவர் எழுதிய மொழி ஆங்கிலம். அச்சிட்டவர் இலண்டனில் இருந்தனர். ஈப்போவில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதற்கும், பள்ளி மாணவர் அவர் பெயரை அறிவதற்கும் அந்நூல் அடிப்படையாயிற்று. சயாமுக்குச் சென்று மீளாதவர்க்கு இத்தகைய நூல் எத்தனை உண்டு? தோட்டத்துப் பொதுப் பெட்டியின் முன் அமர்ந்து விடுதலை முழக்கத்தைக் கேட்ட பாட்டி அந்நாளைப் பற்றி என்ன சொன்னார் என்பதை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? கேட்டார்கள், ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் வரலாற்றின் பெருங்குறை இதுவே.

இக்குறையை நிறைக்கப் பெருஞ்செல்வமோ பட்டமோ வேண்டுவதில்லை. தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வீட்டிலுள்ள முதியோர் முதன்முதலில் வானொலி கேட்டது எந்தத் தோட்டத்தில், யாருடைய பெட்டியில், எந்த ஆண்டில் என்று வினவி எழுதி வருமாறு சொன்னால் போதும். ஒரு வகுப்பு எழுதிய முப்பது பக்கம், பேராக்கின் முப்பது தோட்டங்களின் வரலாறாக அமையக்கூடும். அவற்றுள் பல தோட்டங்கள் இன்று வரைபடத்தில் இல்லை. கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்கும் அவ்வேலை காப்பகமாக முடியும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர் என்பதால், அதனைத் தள்ளிப்போடக் காலம் இடந் தாராது.

வானொலியின் மொழி எதுவாயினும், கேட்போரைத் தன் மக்களாக எண்ணாத குரல் அயல் குரலே. 1937இல் கால்டிகாட் குன்றிலிருந்து வந்ததும், 1941இல் டஃப் கூப்பர் வாயிலிருந்து வந்ததும் அத்தகையவை. மெய்யை மறைக்கும் குரல் தாய்மொழியிற் பேசினும் அயல் குரலே. இதனைப் பிரித்தறியும் ஆற்றல் கேள்வியால் வரும். அச்சொல்லின் இரு பொருளிலும் கேள்வியால் வரும். பப்பான் தெருவின் 74ஆம் எண் வீடு நமக்குக் கற்பிப்பது அது. அங்கு ஒரு பெண்மணி கேட்டார், கேட்டதைக் கொடுத்தார், கொடுத்தவர்களைக் காட்டிக்கொடாமல் காத்தார், இறுதியில் எழுதி வைத்தார். அந்நான்கினுள் கடைசி ஒன்றையேனும் நாம் செய்தல் வேண்டும்.